பரீட்சைத் தாள் திரும்பி வந்த பிறகு: அட்சரகணித வகுப்புக்கு எந்த வழி உகந்தது?

இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்களும் திருத்தப்பட்டுவிட்டன. பத்தாம் ஆண்டு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பரப்பளவும் சதவீதமும் ஓரளவு தப்பித்துக்கொண்டன. ஒருங்கமை சமன்பாடு, காரணி, அட்சரகணிதப் பின்னம் வந்த இடங்களிலெல்லாம் தாள் சிவந்து கிடக்கிறது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கணிதம் கற்பிக்கும் எவருக்கும் இது பழகிய காட்சி. அடுத்த நாற்பது நிமிடப் பாடவேளையை என்ன செய்வது? தாளைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அலகைத் தொடங்கலாம். விடைகளைக் கரும்பலகையில் செய்து காட்டலாம். மறுபரீட்சை வைக்கலாம். பிள்ளைகளையே தம் பிழைகளைத் தேட விடலாம். அன்றாட வீட்டுவேலைக்கும் இதே கேள்விதான்: எவ்வளவு கொடுப்பது, யார் திருத்துவது, திருத்தியதை வைத்து என்ன செய்வது?

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு பெரியது, நேரம் குறைவு, வீட்டில் கணிதம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் பலர். இந்த நிலைமையில் பிள்ளையே தன் பிழையைத் தேடித் திருத்தி எழுதும் முறைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சிறு மறுபரீட்சை. சிவப்புப் பேனையின் வேலையை வெகுவாகக் குறைத்துவிடலாம். இந்த முடிவுக்கு வர மூன்று கேள்விகளை ஒவ்வொரு வழியிடமும் கேட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் மூளையைப் பாவிப்பது ஆசிரியரா, பிள்ளையா? வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் அது பயன்படுமா? இரண்டு வாரம் கழித்து ஏதாவது மிஞ்சுமா?

முழுத் திருத்தத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் பாடசாலைகளில் நல்ல ஆசிரியருக்கு அடையாளம் அதுதான். அதிபர் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் ஆசிரிய ஆலோசகரும் புரட்டுவார். பெற்றோரும் சிவப்புக் கோட்டைத்தான் தேடுவார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. பத்து வினா கொண்ட ஒரு வீட்டுவேலையைத் திருத்தக் கொப்பி ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் நாற்பது கொப்பிக்கு இரண்டு மணித்தியாலம். மூன்று வகுப்புகள் இருந்தால் ஆறு மணித்தியாலம். தவணைத் தாள் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் வைத்தாலும் ஒரு வகுப்புக்கே பத்து மணித்தியாலம் போய்விடும். இத்தனை உழைப்புக்குப் பிறகு பிள்ளை பார்ப்பது எதை? முதல் பக்கத்தின் மேல் மூலையில் உள்ள எண்ணை. பார்த்ததும் பக்கத்து வாங்கின் எண்ணை எட்டிப் பார்ப்பான். பிறகு தாள் மடிந்து பைக்குள் போய்விடும்.

1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவரிடையே செய்த ஆய்வு இந்த இடத்தைத் தொடுகிறது. ஒரு பிரிவினருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பிரிவினருக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாம் பிரிவினருக்குப் புள்ளியும் குறிப்புரையும். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள், அவர்களுடைய ஆர்வமும் குன்றவில்லை. புள்ளியும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களின் நிலையோ புள்ளி மட்டும் பெற்றவர்களின் நிலையை ஒத்திருந்தது. பக்கத்தில் எண் இருந்தால் குறிப்புரை கண்ணில் படுவதில்லை. ஆகவே இரவிரவாக விளக்கம் எழுதி, மேலே 27 என்றும் போட்டுக் கொடுக்கும் ஆசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்படி உழைப்பவர்கள் பிள்ளைகள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள்.

அடுத்தது கரும்பலகை. வினாத்தாளை முதலாம் வினாவிலிருந்து கடைசி வினாவரை ஆசிரியர் செய்துகாட்டுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு முறையே தெரியாத வினாவுக்கு இது சரியான வழி, அங்கே மீண்டும் கற்பிக்கத்தான் வேண்டும். மற்ற வினாக்களுக்கு இது ஒத்துவராது. பார்த்தால் விளங்கும், செய்தால் வராது. சரியான வரிகளை எழுதிக்கொள்ளும் பிள்ளை தன் தாளில் எந்த வரி ஏன் பிழைத்தது என்று கேட்பதே இல்லை. கொப்பியில் அழகான விடை இருக்கும், தலைக்குள் பழைய பிழை அப்படியே இருக்கும்.

அந்தப் பழைய பிழையைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். தெரியாக் கணியத்தை இங்கே ‘க’ என்று வைத்துக்கொள்கிறேன்.

3(க − 2) − 2(க − 5) = 7

பல தாள்களில் அடுத்த வரி இப்படி வரும்:

3க − 6 − 2க − 10 = 7

அதன் பிறகு க − 16 = 7, ஆகவே க = 23. வரிகள் ஒழுங்காக இறங்குகின்றன, சமக் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. முதல் படியில் மட்டும் −2ஐ −5ஆல் பெருக்கும்போது +10 வரவேண்டிய இடத்தில் −10 வந்துவிட்டது. சரியான விடை க = 3. இந்தப் பிள்ளைக்குச் சமன்பாடு தீர்க்கத் தெரியும். அடைப்புக்கு முன்னாலுள்ள சய (−) குறி உள்ளேயிருக்கும் இரண்டாம் உறுப்பையும் தொடும் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. கரும்பலகையில் முழுக் கணக்கையும் ஆறுமுறை செய்துகாட்டினாலும் இந்த ஒரு புள்ளியில் அவன் கண் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆனால் அவனே 23ஐச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 63 − 36, அதாவது 27 வரும். வரவேண்டியதோ 7. இருபது எங்கிருந்து கூடியது என்று அவன் தேடத் தொடங்குவான். அந்தத் தேடலைத்தான் நாம் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும்.

இதனால்தான் பிள்ளை தன் பிழைகளைத் தானே தேடித் திருத்தி எழுதும் பிழைக் கொப்பியின் பக்கம் நான் நிற்கிறேன். நடைமுறை இப்படி. ஆசிரியர் தாளைத் திருத்தும்போது ஒவ்வொரு வினாவிலும் முதலாவதாகப் பிழைத்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு சிறு பொட்டு மட்டும் வைக்கிறார். சரியான விடையை எழுதுவதில்லை. மொத்தப் புள்ளியைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார், தாளில் போடுவதில்லை. வகுப்பில் தாள் கிடைத்ததும் பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து அந்த வரிகளைப் பார்க்கிறார்கள். தனிக் கொப்பியில் பிழைத்த வரியைப் பார்த்து எழுதி, அப்படிச் செய்ததற்கு நினைத்த காரணத்தை எழுதி, கணக்கை முழுதாகத் திரும்பச் செய்து, விடையைப் பிரதியிட்டுச் சரிபார்க்கிறார்கள். மொத்தப் புள்ளி மறுநாள்தான் தெரியவரும். ‘சேர், எத்தனை புள்ளி என்று மட்டும் சொல்லுங்கள்’ என்ற கெஞ்சலுக்கு அன்றைக்கு மட்டும் இணங்கக் கூடாது.

காரணம் எழுதும் இடத்தில் ஆசிரியர் கண்டிப்பாக இருக்கவேண்டும். முதல் தடவை வகுப்பில் பாதிப்பேர் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதை ஏற்கக் கூடாது. ‘−2ஐ முதல் உறுப்போடு மட்டும் குறியோடு பெருக்கினேன், இரண்டாம் உறுப்பின் குறியை அப்படியே விட்டுவிட்டேன்’ என்று எழுதவேண்டும். (க + 3)² என்பதை க² + 9 என்று விரித்தவள் ‘கூட்டலுக்கும் வர்க்கம் தனித்தனியே போகும் என்று நினைத்தேன்’ என்று எழுதவேண்டும். பிறகு க இருக்குமிடத்தில் 1ஐப் போட்டால் ஒருபக்கம் 16உம் மறுபக்கம் 10உம் வருவதை அவளே காண்பாள். க² = 5க என்ற சமன்பாட்டை இருபுறமும் க ஆல் வகுத்து 5 என்ற ஒரே விடையோடு நிறுத்தியவன், 0 என்ற இன்னொரு விடையை எந்தப் படியில் தொலைத்தான் என்று சொல்லவேண்டும். ஒரு வினாவுக்கு ஒரு வசனம் போதும், ஆனால் அது அந்தக் கணக்குக்கு உரிய வசனமாக இருக்கவேண்டும்.

இந்த முறையால்தான் வசனக் கணக்குகளில் ஒளிந்திருக்கும் பிழைகளும் வெளியே வருகின்றன. ஒரு தோணித்துறையில் உள்ள வலைகளின் எண்ணிக்கை தோணிகளின் எண்ணிக்கையைப் போல் 6 மடங்கு என்று வைப்போம். வலைகள் வ, தோணிகள் த. சமன்பாட்டை எழுதச் சொன்னால் நல்ல பிள்ளைகளும் 6வ = த என்று எழுதுவார்கள். ‘ஆறு வலைக்கு ஒரு தோணி’ என்று மனதில் படிப்பதால் எழுத்து பொருளின் பெயராகிவிடுகிறது, எண்ணிக்கையாக நிற்பதில்லை. பத்துத் தோணி என்றால் வலை அறுபது. 6வ எனும்போது 360 வருகிறது, அது பத்துக்குச் சமனாகாது. சரியானது வ = 6த. இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையென்று எவரும் நினைக்கவேண்டாம். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கிளெமெண்டும் சகாக்களும் இதே அமைப்பிலான ஒரு வினாவை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பொறியியல் மாணவரிடம் கொடுத்தபோது மூன்றில் ஒருவருக்கும் மேல் பிழைவிட்டார்கள். பிழைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று தெரிவது ‘எனக்குக் கணக்கு ஓடாது’ என்று முடிவுகட்டிய பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பிழையை வகுப்பில் பேசுவது பிள்ளையை வகுப்பில் பேசுவதாக மாறிவிடக் கூடாது. ஒருவருடைய தாளைத் தூக்கிக் காட்டக் கூடாது. அடிக்கடி வந்த மூன்று பிழைகளை இலக்கங்களை மாற்றிக் கரும்பலகையில் எழுதி, ‘இதில் எந்த வரி பிழை, எழுதியவர் என்ன நினைத்திருப்பார்?’ என்று எல்லோரிடமும் கேட்டால் போதும். பன்னிரண்டு வீட்டுத் தெருவுக்குள்ளேயே எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்ற நம் ஊர்களில், வகுப்பில் பட்ட அவமானம் பள்ளி விடும் முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த முறை யாருக்கு உதவாது? தாளை வெறுமையாகக் கொடுத்த பிள்ளைக்கு. பிழை இருந்தால்தானே தேடுவதற்கு. நாற்பது பேரில் ஏழெட்டுப் பேர் அப்படி இருப்பார்கள், அவர்களிடம் பிழைக் கொப்பியை நீட்டுவதால் பயனில்லை. அவர்களுக்குச் செய்துகாட்டிய உதாரணம் வேண்டும். முழுதாகச் செய்த கணக்கு ஒன்று இடப்பக்கம், அதே அமைப்பில் இலக்கம் மாறிய கணக்கு ஒன்று வலப்பக்கம். அடுத்த சோடியில் இடப்பக்கத்துக் கணக்கின் கடைசி வரியை விட்டுவிடலாம், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரிகளை. அட்சரகணிதத்தில் தொடக்கநிலை மாணவர் வெறும் பயிற்சிகளைச் செய்வதைவிடச் செய்துகாட்டிய உதாரணங்களைப் படித்து அதிகம் கற்கிறார்கள் என்பதை ஜோன் ஸ்வெல்லரும் கிரஹம் கூப்பரும் 1985இலேயே காட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் பிழை தேடும் அந்த நாற்பது நிமிடம்தான் ஆசிரியர் இந்த ஏழெட்டுப் பேரின் பக்கத்தில் உட்காரக் கிடைக்கும் நேரம். இரண்டையும் ஒரே பாடவேளைக்குள் நடத்தலாம் என்பது பிழைக் கொப்பியின் பெரிய அனுகூலம். கரும்பலகை முறையில் ஆசிரியரின் கையும் வாயும் கட்டப்பட்டிருக்கும்.

மறுபரீட்சையைப் பொறுத்தவரை கேள்வி அதன் விதிகளில்தான் இருக்கிறது. மறுநாளே வைத்தால் அது ஞாபகத்தை மட்டும் சோதிக்கும். பழைய தாளின் வினாக்களை அப்படியே கொடுத்தால் விடையை மனனம் செய்து வருவார்கள். இரண்டாவது புள்ளி முதலாவதை முழுதாக அழித்துவிடும் என்று அறிவித்தால் முதல் பரீட்சைக்குப் படிக்க எவருக்கும் மனம் வராது. புள்ளியில் ஒன்றுமே மாறாது என்றாலும் பாதிப்பேர் அக்கறை காட்டமாட்டார்கள். எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: பிழைக் கொப்பியை முடித்தவருக்கு மட்டும், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அதே அமைப்பில் வேறு இலக்கங்களோடு ஐந்து வினா, இருபது நிமிடம். இழந்த புள்ளியில் பாதிவரை மீட்கலாம். தவணை அறிக்கையில் புள்ளியை மாற்றப் பாடசாலை இடம் தராவிட்டால் இதைப் பாடசாலைமட்டக் கணிப்பீட்டோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இனி வீட்டுவேலை. தவணைப் பரீட்சை வருடத்துக்கு மூன்றுக்கு மேல் இல்லை, வீட்டுவேலையோ வாரத்துக்கு மூன்று நான்கு. ஆகவே இங்கே செய்யும் தெரிவு இன்னும் முக்கியமானது.

ஒரே வகைக் கணக்கு இருபதா, பலவகைக் கணக்கு ஆறா என்பது முதல் தெரிவு. காரணிப்படுத்தல் படித்த அன்று காரணிக் கணக்கு இருபது கொடுப்பது வழக்கம். பிள்ளை மூன்றாவது கணக்கிலிருந்து யோசிப்பதை நிறுத்திவிடுவான், கை மட்டும் ஓடும். பரீட்சையிலோ எந்த முறை என்று முதலில் அடையாளம் காணவேண்டும். டக் ரோரரும் கெலி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், திண்மங்களின் கனவளவைக் காணும் கணக்குகளை ஒரு பிரிவினர் வகைவகையாகவும் இன்னொரு பிரிவினர் கலந்தும் பயிற்சி செய்தார்கள். பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்களே முன்னணியில் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் கலந்து செய்தவர்கள் 63 சதவீதமும் மற்றவர்கள் 20 சதவீதமும் பெற்றார்கள். இதில் பெற்றோருக்கும் ஒரு செய்தி இருக்கிறது: கலந்து செய்யும் பிள்ளை வீட்டில் கூடுதலாகத் திணறும், அந்தத் திணறலைக் கண்டு பயப்படவேண்டாம். அன்றைய பாடத்தில் இரண்டு, போன வாரப் பாடத்தில் இரண்டு, போன தவணையில் இரண்டு என்று ஆறு கணக்குகள் போதும்.

விடையை முன்கூட்டியே கொடுப்பதா, மறைப்பதா என்பது அடுத்தது. கொடுத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். செய்முறையைக் கொடுக்காமல் இறுதி விடையை மட்டும் வினாவின் பக்கத்திலேயே அடைப்புக்குள் எழுதிவிடலாம். மறைத்து வைத்த விடையைக் கூட்டாளியின் கொப்பி எப்படியும் தந்துவிடும். மாலை ஆறு மணிக்கே ஒருவர் செய்த பக்கத்தின் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும், காலையில் மணி அடிக்கும் முன் மற்றவர்கள் பார்த்து எழுதிவிடுவார்கள். இறுதி விடை எல்லோர் கையிலும் இருந்தால் பார்த்தெழுதுவதற்குப் பெறுமதி குறைகிறது. அதைவிட முக்கியம், தனியே இருந்து படிக்கும் பிள்ளைக்குத் தான் போகும் வழி சரியா என்று அன்றிரவே தெரிகிறது. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு இருந்து படிக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனையோ பேர். 23 வந்தது சரியா என்று கேட்க அவர்களுக்கு வீட்டில் ஆளில்லை. பக்கத்தில் 3 என்று இருந்தால் அவர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்படியானால் செய்தார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? கொப்பியைத் திருத்துவதற்குப் பதிலாக, மறுநாள் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் அந்த ஆறு கணக்கில் ஒன்றை இலக்கம் மாற்றிக் கொடுத்துச் சிறு தாளில் செய்யச் சொல்லலாம். நாற்பது சிறு தாளைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். வந்தது, பாதி வந்தது, வரவில்லை என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் அடுத்த பாடத்தை எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும். பார்த்தெழுதியவர் யார் என்பதும் சண்டையில்லாமல் வெளியாகும்.

ஊருக்கு ஊர் நிலைமை மாறும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். கல்முனை நகரில் மாலையில் மேசை விளக்கோடு இருக்கும் பிள்ளைக்கும், வாகரையிலோ வெல்லாவெளியிலோ வயல்வேலை முடிந்து வரும் பிள்ளைக்கும் ஒரே அளவு வீட்டுவேலை நியாயமாகாது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழையும் வெள்ளமும், தை கடந்தால் பெரும்போக அறுவடையும் வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலைகளில் அந்த மாதங்களின் வரவு இடாப்பே நிலைமையைச் சொல்லும். இப்படியான இடங்களில் ஆறு கணக்கை நான்காகக் குறைத்து, முதல் இரண்டை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்திலேயே தொடங்கிவைத்து, வீட்டுக்கு மீதி இரண்டை மட்டும் விடுவது நல்லது. தொடங்கிவிட்ட வேலையை வீட்டில் தொடர்வது எளிது. விளங்காத இடமும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

ரியூசனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரீட்சைப் பெறுபேறு குறைந்ததும் பெற்றோர் முதலில் நாடுவது அதைத்தான். அங்கே மூளையைப் பாவிப்பது யார் என்ற கேள்வியையே அளவுகோலாக வைத்தால் போதும். இருநூறு பேர் இருக்கும் மண்டபம் ஒரு பெரிய கரும்பலகைதான். பத்துப் பேரோடு, பிள்ளையின் தவணைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஒருவர் கிடைத்தால் தாராளமாக அனுப்பலாம்.

கடைசியாக, எந்த ஆண்டுக்கு எது? எட்டாம், ஒன்பதாம் ஆண்டுகளில் பிழைக் கொப்பியையும் கலந்த வீட்டுவேலையையும் பழக்கிவிட வேண்டும். குறி, அடைப்பு, எளிய சமன்பாடு எல்லாம் அங்கேதான் வேர்பிடிக்கின்றன. பத்தாம் ஆண்டில் இவற்றோடு மறுபரீட்சையும் சேரலாம். பதினோராம் ஆண்டில் கடந்தகால வினாத்தாள்களே பயிற்சி, அங்கே தாளின் அமைப்பையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் முதலாம் வினாத்தாளின் முதற் பகுதி 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இரண்டாம் வினாத்தாளில் 12 வினாவில் 10 வினாவுக்கு விடை எழுதவேண்டும், அங்கே படிமுறைக்கும் புள்ளி உண்டு. சித்திக்குரிய 35 புள்ளியைத் தேடும் பிள்ளையின் பிழைக் கொப்பியில் அந்த 25 குறுவினாக்களில் வந்த பிழைகள் முதலில் இடம்பெறட்டும். ஐம்பதைத் தாண்டிவிட்ட பிள்ளை இரண்டாம் தாளின் அட்சரகணித வினாக்களில் எந்தப் படியில் புள்ளி நின்றுபோனது என்று புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டுத் தானே தன் தாளைத் திருத்தட்டும். பரீட்சைக்கு இரண்டு மாதமே இருக்கிறது என்றால் புதிய தாள்களை அடுக்கிக்கொண்டு போகாமல், வாரத்துக்கு ஒரு தாளைச் செய்து, அடுத்த இரண்டு நாளையும் அந்தத் தாளின் பிழைகளுக்கே ஒதுக்குவேன்.